மாம்பூ கிள்ளிய தாண்டவராயர்

கெடில நதியின் தென்கரையில் ஓடக்குப்பம் என்றொரு சிற்றூர். அவ்வூரில் வீட்டுக் கொல்லையில் ஒட்டு மாங்கன்று வளர்த்து விற்றுப் பிழைத்தவர் தாண்டவராயர். கூரை வீடு ஒன்று, அதன் பின்னே ஒரு கொல்லை, கொல்லையில் ஒரு கிணறு. அவருடைய உடைமை அவ்வளவே. விடியுமுன் எழுந்து நீராடி நீறு பூசுவார். பிறகு கிணற்றில் நீர் சேந்தி, வரிசையாக நின்ற கன்றுகளுக்கு உள்ளங்கையால் அள்ளி அள்ளி விடுவார். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் கன்று நிற்கும் பையிலுள்ள மண் அரித்து வேர் வெளியே தெரிந்துவிடும் என்பதால், எத்தனை நேரம் ஆனாலும் கையால் விடுவதே அவர் வழக்கம்.

அவர் தொழிலின் முறையையும் சொல்லிவிட வேண்டும். நாட்டு மாங்கொட்டைகளை மணலில் பதித்து முளைக்க வைப்பார். முளைத்த கன்றைப் பைக்கு மாற்றி, தண்டு சற்றுத் தடித்ததும் அதன் தலையைச் சீவி நடுவே பிளந்துவிடுவார். நன்றாய்க் காய்க்கும் மரம் ஒன்றிலிருந்து வாங்கி வந்த தளிர்க்குச்சியை அந்தப் பிளவில் செருகி இறுக்கிக் கட்டுவார். ஒட்டுப் பிடித்துத் துளிர்த்தால் அது கன்று. பிடிக்காவிட்டால் அடுப்புக்குச் சுள்ளி.

இப்படிப் பாடுபட்டு உண்டாக்கிய கன்றில் தை பிறந்ததும் ஒரு தொல்லை வரும். முழங்கால் உயரம்கூட வளராத கன்று பூத்துவிடும். காய்த்த மரத்துக் குச்சியாயிற்றே, தான் இன்னும் சிறு கன்றுதான் என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பூவை விட்டுவைத்தால் பிஞ்சு பிடிக்கும். பிஞ்சைத் தாங்குவதிலேயே சத்தெல்லாம் போய், வேர் ஓடாமல், நட்ட இடத்தில் சில காலம் நின்று கன்று கருகும். ஆகையால் பூங்கொத்தை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். இது கன்று வளர்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தாண்டவராயர் அதைச் செய்த விதம் மட்டும் வேறாக இருந்தது. கிள்ளிய பூ எதையும் அவர் மண்ணில் போட்டதில்லை. ஒவ்வொன்றைக் கிள்ளும்போதும் “உனக்கு” என்று ஒரு சொல் சொல்லுவார். கிள்ளிய கொத்துகளை ஓலைக் கூடையில் இட்டு, ஆற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் கரைகாத்தநாதருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கோயில் குருக்கள் அதை வாங்கிச் சிவலிங்கத்தின் மேல் தூவுவார். தையும் மாசியும் இப்படியே கழியும். பூவில்லாத மாதங்களில் கை நிறைய மாந்தளிர்.

அந்தக் கோயிலுக்குக் கலியமூர்த்தி என்பவர் தர்மகர்த்தாவாக வந்தார். அவர் தார்ச்சாலை ஓரத்தில் கன்றுப் பண்ணை வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வண்டியில் வந்திறங்கும் அவருடைய கன்றுகளில் பூவும் பிஞ்சும் தொங்கும். இடுப்புயரக் கன்றில் காய் தொங்குவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? சனங்கள் அங்கேயே போய் வாங்கினார்கள். தாண்டவராயரின் கொல்லைக்கு வந்தவர்களும், மொட்டையடித்த பிள்ளைகளைப் போல நிற்கும் கன்றுகளைப் பார்த்துவிட்டு, இது காய்க்கும் என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். பூத்ததை அப்படியே கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றும் சிலர் சொன்னார்கள். அவர் கிள்ளாமல் ஒன்றையும் கொடுக்கவில்லை.

கலியமூர்த்தி கொடியவர் அல்லர். கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர். ஒரு காலையில் ஓலைக் கூடையைப் பார்த்தவர், வாயிலிலேயே தாண்டவராயரை மறித்தார்.

“யோவ் தாண்டவராயா, வேணாம்னு கிள்ளிப் போடறதக் கொண்டாந்து சாமிக்குக் குடுக்கறியே. உன் வூட்டுக்கு விருந்தாளி வந்தா எலையில எச்சிலத்தான் வைப்பியா?”

“அதுங்களுக்கு அதுதாங்க மொதப் பூவு,” என்றார் தாண்டவராயர்.

“மொதப் பூவாவது, மண்ணாவது. நாளையிலேருந்து இந்தக் கூட உள்ள வரக்கூடாது.”

அவர் கூடையோடு திரும்பினார். கோயிலைச் சுற்றிக்கொண்டு மதிலின் வெளிப்புறம் போனார். கருவறையில் நீராட்டிய நீர் மதிலைத் தாண்டி வெளியே வந்து விழும் மடைவாய் ஒன்று அங்கே உண்டு. அதன் கீழே ஒரு கல்லைக் கழுவி, அதன்மேல் பூக்களை வைத்தார். உள்ளே இருக்கும் நீர் வெளியே வருகிற வழியில், வெளியே வைத்த பூ உள்ளே போகாதா என்பது அவர் எண்ணம். அன்றுமுதல் அந்த மடைவாய்தான் அவருக்குச் சந்நிதி.

இந்த அவமதிப்பெல்லாம் அவரைத் தொடவில்லை. தொட்டது வேறொன்று.

அவருடைய மனைவியார் பச்சையம்மாள். அவர் வயிற்றில் மூன்று முறை கரு உண்டாகி மூன்றும் தங்கவில்லை. முதல் இரண்டும் உருவாகும் முன்பே கரைந்தன. மூன்றாவது ஆண் குழந்தை. நிறைமாதத்தில் பிறந்து, குரல் எடுக்காமலே அடங்கியது. அது ஒரு மாசி மாதம். கொல்லையில் பூ கிள்ளும் காலம். ஆற்றுத் துறையில் யாரோ ஒருத்தி, பூவைக் கிள்ளுகிற கையாயிற்றே, அந்த வீட்டில் பிஞ்சு எப்படித் தங்கும் என்று சொல்லிவைத்தாள். சொன்னவள் அதை மறந்திருப்பாள். ஊர் மறக்கவில்லை. பச்சையம்மாளின் காதுக்கும் அது வந்து சேர்ந்தது.

நான்காம் முறை கரு தங்கி ஏழாம் மாதம் ஆயிற்று. தை பிறந்தது. கொல்லையில் ஒரு கன்றின் நுனியில் முதல் பூங்கொத்து செம்மை கலந்து எட்டிப் பார்த்தது. தாண்டவராயர் அதன்முன் குனிந்தபோது, பச்சையம்மாள் பின்னால் வந்து நின்றார்.

“ஏங்க, நான் ஒங்களண்ட எதையும் கேட்டதில்ல. இந்தப் புள்ள தரையில வுழுந்து அழற வரைக்கும் ஒரு பூவையும் கிள்ளாதீங்க.”

“அது ஊர்ப் பேச்சு, பச்ச.”

“ஊர்ப் பேச்சுதான். மூணு வாட்டி பலிச்சிருக்குதே.”

நீட்டிய கையைத் தாண்டவராயர் மடக்கிக்கொண்டார். அவருடைய நம்பிக்கை அசையவில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. இறைவர் இருக்கிறார் என்பதிலோ, அவர் தம் பூவை ஏற்றார் என்பதிலோ அவருக்குச் சிறிதும் ஐயமில்லை. ஐயம் எழுந்தது தம்மிடத்திலேதான். ஒவ்வொரு கொத்தையும் கிள்ளி “உனக்கு” என்று சொன்னபோது, அந்த ஒரு சொல்லைக் கேட்டு இறைவர் எதையெதை எடுத்துக்கொண்டாரோ என்று ஒரு நினைப்பு அவருக்குள் புகுந்தது. அதை அவர் மனைவியாரிடமும் சொல்லவில்லை, மடைவாயிலும் சொல்லவில்லை.

அவர் செய்தது இது. மனைவியார் கேட்டுக்கொண்டபடி ஒரு பூவையும் கிள்ளவில்லை. பூ நிற்கிற கன்று எதையும் விற்கவும் இல்லை. வாங்கியவர் தோட்டத்தில் அது கருகும் என்று தெரிந்தே கொடுப்பது வஞ்சகம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் கொல்லை முழுதும் பூத்துவிட்டது. வாசலுக்கு வந்து கேட்டவர்களை, பங்குனிக்குப் பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பூவோடு கேட்டபோது மொட்டையாகக் கொடுத்தவன், இப்போது பூத்து நிற்கையில் விற்கமாட்டேன் என்கிறான், புத்தி பிசகிவிட்டது என்று அவர்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் போயிற்று. தாண்டவராயர் கூலி தேடிப் போனார். அறுவடை முடிந்துவிட்ட காலம், வேறெங்கும் வேலை இல்லை. கடைசியில் கலியமூர்த்தியின் பண்ணையில்தான் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. அங்கே வரிசை வரிசையாகப் பிஞ்சு சுமந்து நிற்கும் கன்றுகளுக்கு நாள் முழுதும் நீர் விட்டார். கிள்ளக் கூடாது என்பது அங்கே உத்தரவு. கலியமூர்த்தி குடைநிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னா தாண்டவராயா, கை அரிக்குதா?” என்பார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். தாண்டவராயர் அடுத்த கன்றுக்குப் போய்விடுவார்.

விடியற்காலையில் மட்டும் அவர் மதிலோரம் போவது நிற்கவில்லை. கொண்டுபோக ஒன்றும் இல்லை. தளிரையாவது பறிக்கலாமா என்று நினைத்து, அதுவும் கிள்ளுவதுதானே என்று விட்டுவிட்டார். மடைவாயின் கீழே கல்லைக் கழுவுவார். வெறுங்கையை அதன்மேல் வைப்பார்.

“இன்னிக்கும் இல்ல, சாமி,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்.

மாசி மாதம் வந்தது. கொல்லையில் பாதிப் பூ உதிர்ந்து பட்டாணி அளவில் பிஞ்சு இறங்கியது. கணவர் கூலிக்குப் போன பிறகு பச்சையம்மாளே கன்றுகளுக்கு நீர் விட்டார். அவருக்கும் கண் இருந்தது. இலைகள் வெளிறித் தொங்குவதைப் பார்த்தார். ஒரு கன்று பிஞ்சின் பாரம் தாங்காமல் ஒட்டுக் கட்டிய இடத்தில் வளைந்து மண்ணில் தலை சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்திக் குச்சி ஊன்றிக் கட்டினார். மறுநாள் அது பட்டுப்போயிருந்தது. அதன் அருகிலேயே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு நடுப்பகலில், வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வாசலில் ஒரு கிழட்டு எருதைக் கட்டிவிட்டு வந்திருந்தார். தலைமயிரை அள்ளி முடிந்திருந்தார். உடம்பெல்லாம் சாலைப் புழுதி. தொண்டையில் கறுத்த தழும்பு ஒன்று. குடிக்கத் தண்ணீர் கேட்டார். பச்சையம்மாள் சொம்பில் கொடுத்ததும், முதலில் கொஞ்சம் தம் தலையில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைக் குடித்தார். பிறகு கன்றுகளைப் பார்த்தார்.

“என்னம்மா, கன்னெல்லாம் பூவும் பிஞ்சுமா நிக்குது. கிள்ள ஆளில்லையா?”

“ஆள் இருக்காரு. நான்தான் வேணாம்னுட்டேன்.”

வந்தவர் அவருடைய வயிற்றைப் பார்த்தார். “எத்தினியாவது?”

“நாலாவது. மூணு தங்கல.”

அவர் கன்று வரிசையின் முன்னே குந்தி உட்கார்ந்தார். “பாவம், இதுங்களே நடக்கப் பழகல. இடுப்புல ஒரு புள்ளைய வச்சா எங்கேருந்து நடக்கும்?” என்று கையை நீட்டினார்.

“தொடாதீங்க ஐயா. அந்தப் பழி எங்க வூட்டுக்கு வேணாம்.”

“பழிய நான் எடுத்துக்கறேன். எனக்குப் பழக்கம்தான். ஊரு வேணாங்கறத எல்லாம் எங்கிட்டதான் தள்ளுவாங்க.”

“ஒங்களுக்கும் புள்ள குட்டி இருக்குமே. அதுங்களுக்கு ஆவாது.”

“இருக்கானுங்க ரெண்டு பேரு. மூத்தவன் நல்லாத் தின்னுட்டு, உட்கார்ந்த எடத்த வுட்டு எழும்ப மாட்டான். சின்னவன் ஒரு பழத்துக்குக் கோச்சுக்கிட்டுப் போயி மலைமேல உட்கார்ந்திருக்கான். பழத்தால வர்ற தொல்ல எனக்குத் தெரியாதா?”

பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சிரித்த வாயோடு கண்ணிலும் நீர் வந்தது. வந்தவர் அதற்குள் முதல் கன்றைக் கிள்ளிவிட்டிருந்தார். பச்சையம்மாள் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று அவருக்கே பின்னாளில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கன்றுகள் மூச்சு விட்டது போல் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பூவும் பிஞ்சுமாக எல்லாவற்றையும் மேல்துண்டில் கட்டிக்கொண்டு அவர் எழுந்தார். கன்று ஒன்றும் வேண்டாமா என்று பச்சையம்மாள் கேட்டார்.

“எனக்கு இது போதும்மா. ஒருத்தரு தினம் இதத்தான் குடுத்துக்கிட்டிருந்தாரு. கொஞ்ச நாளா குடுக்கல. அதான் நானே வந்தேன்.”

எருதின் கழுத்து மணி தெருக்கோடி வரை கேட்டது. அது ஓய்ந்ததும் பச்சையம்மாளைப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. தாண்டவராயர் வேலை முடிந்து வந்தபோது, அவர் அடுப்பு மூட்டாமல் சுவரில் சாய்ந்து கிடந்தார். நான் கிள்ள விட்டுவிட்டேன், இந்தப் பிள்ளையும் போய்விடப் போகிறது என்று அழுதார். தாண்டவராயர் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, நடந்ததை எல்லாம் கேட்டார். வந்தவர் போகும்போது சொன்னதை மட்டும் மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அப்போது வாசலில் ஆள் அரவம். கலியமூர்த்தி முன்னாலும் குருக்கள் பின்னாலுமாக வந்தார்கள். கலியமூர்த்திக்கு முகம் சிவந்திருந்தது.

“கூட உள்ள வரக்கூடாதுன்னு சொன்னா, பூட்டத் தொறந்து உள்ள போவியா? சாவி ஏதுய்யா ஒனக்கு?”

தாண்டவராயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குருக்கள்தான் சொன்னார். உச்சிப் பூசை முடிந்து கருவறையைப் பூட்டியவர் அவர்; மாலைப் பூசைக்குத் திறந்தவரும் அவர். இடையில் யாரும் போகவில்லை. ஆனால் திறந்து பார்த்தால் சிவலிங்கமே தெரியாதபடி மாம்பூ மூடியிருந்தது. பூவுக்கு நடுவே பட்டாணி பட்டாணியாகப் பிஞ்சு.

“இந்த ஊர்ல மாம்பூ கிள்றவன் நீ ஒருத்தன்தான். மத்தியானம் எங்க இருந்த?” என்றார் கலியமூர்த்தி.

“ஒங்க பண்ணையிலதாங்க இருந்தேன். ஒங்க முன்னாலதான்.”

உச்சி வெயிலில் தாம் குடைநிழலில் உட்கார்ந்து, கை அரிக்கிறதா என்று கேட்டது கலியமூர்த்திக்கு நினைவு வந்தது. அவர் கை தானாக இடுப்பைத் தொட்டது. கருவறைச் சாவியின் மறுசாவி அங்கே இருந்தது.

பச்சையம்மாள் எழுந்து வந்தார். கணவர் மேல் பழி வரக்கூடாது என்ற பதற்றத்தில், பூவைக் கிள்ளிக்கொண்டு போனது எருது ஓட்டிக்கொண்டு வந்த ஒரு வழிப்போக்கர் என்றார். தொண்டையில் கறுப்பாக ஒரு தழும்பு உண்டு என்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்றார்.

குருக்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “சின்னவன் எங்க இருக்கான்னு சொன்னாரும்மா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஒரு பழத்துக்குக் கோச்சுக்கிட்டு மலைமேல போயி...” என்று தொடங்கிய பச்சையம்மாள் பாதியில் நிறுத்திவிட்டார்.

தாண்டவராயர் கொல்லைப் பக்கம் திரும்பி, மண்ணில் விழுந்து வணங்கினார். கலியமூர்த்தி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓலைக் கூடை எங்கே என்று கேட்டார். அதில் வைக்கப் பூ ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வெறுங்கூடையைத் தாமே சுமந்துகொண்டு கோயிலுக்கு முன்னே நடந்தார்.

சந்நிதியில் மாம்பூ மணம் நிறைந்திருந்தது. தாண்டவராயர் கைகூப்பி நின்றார். பச்சையம்மாள்தான் பேசினார்.

“பழிய எடுத்துக்கறேன்னு சொன்னியே. அப்ப அந்த மூணும் உங்கிட்டதான் இருக்குதா?”

அதைக் கேட்டுத் தாண்டவராயர் வாய்விட்டு அழுதார். தம் நெஞ்சில் இத்தனை நாள் வைத்திருந்த கேள்வியை மனைவியார் கேட்டுவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விடை வந்ததாக அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. ஆகவே இங்கும் ஒன்றும் சேர்த்துச் சொல்வதற்கில்லை. குருக்கள் லிங்கத்தின் மேலிருந்து ஒரு கொத்தை எடுத்து அந்த அம்மையாரிடம் நீட்டினார். அதை அவர் முந்தானையில் முடிந்துகொண்டு, அம்முடிச்சின் மேல் கையை வைத்தபடியே வீடு திரும்பினார்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் எழுப்பிய குரல் கொல்லையைத் தாண்டிக் கேட்டது. கிள்ளப்பட்ட கன்றுகள் அதற்குள் புதுத் துளிர் விட்டிருந்தன. கலியமூர்த்தியின் பண்ணையில் காய் தொங்கும் கன்றுகள் பிறகும் விற்றன. ஆசைப்பட்டவர்கள் பிறகும் வாங்கினார்கள். தாண்டவராயர் செல்வர் ஆகிவிடவும் இல்லை.

மறு ஆண்டுத் தை வந்தது. முதல் பூங்கொத்து எட்டிப் பார்த்தது. தாண்டவராயர் அதன்முன் குனிந்தார். ஆனால் கை நீளவில்லை. பழைய அச்சம் அவர் விரலில் இன்னும் இருந்தது. பச்சையம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அருகில் வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். தாமே குனிந்து, நகத்தால் அந்தக் கொத்தைக் கிள்ளி, கோயில் இருக்கும் திசை நோக்கி “உனக்கு” என்றார். குழந்தை அந்தப் பூவைப் பிடிக்கக் கையை நீட்டியது. அன்று காலை கோயில் வாயிலில் கலியமூர்த்தி இரு கையாலும் கூடையை வாங்கிக்கொண்டார்.

கொடுக்கப் பூவில்லாத நாளிலும் கல்லைக் கழுவி வெறுங்கையை வைத்தவர் தாண்டவராயர். அந்த வெறுங்கையைப் பொறாமல் கரைகாத்தநாதர் வெயிலில் நடந்து வந்தார். அத்தகைய அன்புடையாரின் மண் படிந்த விரல்களை நினைத்து நாமும் கைகூப்புவோம்.